கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று யாராவது சொன்னால், வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று நான் முதலில் கேட்பதில்லை. எப்போது மெதுவாக இருக்கிறது என்றே கேட்கிறேன். பொத்தானை அழுத்திய பிறகு திரை தயாராக ஐந்து நிமிடம் ஆகிறதா? தொடக்கத்தில் நன்றாக இயங்கிவிட்டு, இணையப் பக்கங்கள் ஐந்தாறு திறந்ததும் திணறுகிறதா? அல்லது அரை மணி நேரம் ஓடிய பின், விசிறி இரைச்சலிட, மெல்ல மெல்லத் தளர்கிறதா? இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறுவேறு. ஆனால், நம் வீடுகளில் மூன்றுக்கும் ஒரே மருந்துதான் பரிந்துரைக்கப்படுகிறது: "பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்."

இந்தப் பரிந்துரைக்கு அண்மையில் புதிய காரணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், பெரும்பாலும் 2018-க்குப் பிந்தைய செயலியும் உள்ள கணினிகளில் மட்டுமே முறைப்படி நிறுவத்தக்கது. ஆக, பத்தாண்டுகளுக்கு முன் சேமித்து வாங்கிய கணினி மெதுவானது மட்டுமல்ல, பாதுகாப்பற்றதும் ஆகிவிட்டது என்ற எண்ணம் பல குடும்பங்களில் எழுந்துள்ளது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை இருக்கும் நடுத்தர வீட்டில் புதுக் கணினி என்பது சிறிய செலவு அல்ல. ஏற்கெனவே உள்ள தவணைகளோடு இன்னொரு மாதத் தவணை. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை 2025-இன் இறுதியில் கடுமையாக உயர்ந்தது. தவணை கட்டத் தொடங்கும் முன், கையில் இருக்கும் கணினியை ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து ஆராய்ந்து பார்ப்பது நல்லது. எதை, எந்த வரிசையில் ஆராய வேண்டும் என்பதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

கணினி, வண்டி மாடு போல வயதாவதால் தளர்வதில்லை. 2014-இல் நொடிக்கு முந்நூறு கோடித் துடிப்புகளோடு இயங்கிய செயலி, சூடு கட்டுக்குள் இருக்கும்வரை, இன்றும் அதே வேகத்தில்தான் இயங்குகிறது. மாறியிருப்பது அதன்மேல் ஏற்றப்படும் சுமை. பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வன்பொருள் விரைவடைவதைக் காட்டிலும் வேகமாக மென்பொருள் மந்தமாகி வருகிறது என்று குறைபட்டுக்கொண்டார். கணினி உலகில் அது இன்று 'விர்த் விதி' என்றே வழங்குகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஒரு செய்தித்தாள் பக்கத்தைத் திறக்கவே நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகம் செலவாகும் காலத்தில் அவர் குறை இன்னும் பொருந்துகிறது. (இந்தப் பக்கத்தைத் திறந்தபோதும் விளம்பரங்கள் சில சேர்ந்தே வந்திருக்கக்கூடும்.)

ஆயினும் மென்பொருளின் பருமனை நாம் குறைக்க இயலாது. நம்மால் இயல்வது, நம் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஏனெனில், மெதுவாக இயங்கும் கணினி பெரும்பாலும் கடுமையாக உழைத்துக்கொண்டிருப்பதில்லை, சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.

அதைக் கண்டறியக் கடைக்காரர் தேவையில்லை. மென்பொருள் எதையும் பதிவிறக்கவும் வேண்டாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை திறக்கும். அதில் செயலி, நினைவகம், வன்தட்டு ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பது நொடிக்கு நொடி தெரியும். கணினி திணறும் அந்த வேளையிலேயே இதைப் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. செயலி பத்து, இருபது விழுக்காட்டில் இருக்க, வன்தட்டு மட்டும் நூறைத் தொட்டுக்கொண்டு நின்றால், குற்றவாளி வன்தட்டு. நினைவகம் தொண்ணூறை நெருங்கினால், நினைவகப் பற்றாக்குறை. செயலியே நூறில் நின்றால், எந்த மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் அந்தப் பட்டியலே காட்டிவிடும்.

நான் பார்த்த பழைய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் நூறைத் தொட்டு நின்றது வன்தட்டுதான். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

'ஹார்ட் டிஸ்க்' என்று நாம் அழைப்பது ஒரு மின்னணுப் பொருள் மட்டுமன்று. அது ஓர் இயந்திரமும்கூட. உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. இசைத்தட்டின் ஊசியைப் போல ஒரு கை அவற்றின்மேல் இங்குமங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில்தான் இந்த அமைப்பு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள். நிமிடத்துக்கு 1,200 சுற்றுகள். மொத்தக் கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். அதில் ஒரு தகவலை எடுக்கச் சராசரியாக அரை நொடிக்கு மேல் ஆயிற்று. இன்றைய மடிக்கணினி வன்தட்டில் கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது. ஆனால் கை நகர வேண்டும், தட்டு சுழன்று உரிய இடம் வர வேண்டும் என்னும் கட்டாயம் அப்படியே இருக்கிறது.

மடிக்கணினிகளில் இருக்கும் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. அதாவது நொடிக்குத் தொண்ணூறு சுற்று. ஒரு சுற்றுக்கு நொடியின் ஆயிரத்தில் பதினொரு பங்கு. தேவையான தகவல் கையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை நகர்வதற்குச் சுமார் ஆயிரத்தில் பத்துப் பங்கு. இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் தகவல் ஒவ்வொன்றையும் எடுக்க நொடியின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு ஆகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். கணினியைத் தொடங்கும்போது பத்தாயிரம் சிறு கோப்புத் துண்டுகளைப் படிக்க வேண்டியிருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் முறை பதினைந்து, இரண்டரை நிமிடம். சுழலும் தட்டு இல்லாத 'எஸ்எஸ்டி' என்னும் சில்லு வகைச் சேமிப்பில் இதே வேலை ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கின் பத்திலொரு பகுதி போதும். மொத்தம் ஒரு நொடி.

செயலியின் பக்கமிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். நொடிக்கு முந்நூறு கோடி முறை துடிக்கும் செயலியின் ஒரு துடிப்பை ஒரு நொடியாகப் பெருக்கிக் கற்பனை செய்துகொள்வோம். அந்தக் கணக்கில், செயலி தன் அருகில் உள்ள நினைவகத்திலிருந்து ஒரு தகவலைப் பெற ஐந்து நிமிடம் ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து பெற மூன்றரை நாள். சுழலும் வன்தட்டிலிருந்து பெறப் பதினேழு மாதம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்குக் காத்திருந்தவர்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல. எழுத்தர் திறமையானவர்தான், கோப்பு பதிவறையிலிருந்து வந்து சேரவில்லை. அந்த எழுத்தரை மாற்றிவிட்டு இன்னும் விரைவான எழுத்தரை நியமிப்பதைப் போன்றதே, வன்தட்டை விட்டுவிட்டுச் செயலியின் பெயரைப் பார்த்துப் புதுக் கணினி வாங்குவது.

எனவே, சுழலும் வன்தட்டோடு இயங்கும் கணினிக்கு நான் சொல்லும் ஒரே பெரிய மருத்துவம், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவது. உங்கள் கணினியில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குச் சென்று வட்டுப் பெயரைச் சொடுக்கினால், எச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று அதுவே சொல்லிவிடும். 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவு வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. விலை, புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இரண்டரை அங்குல 'சாட்டா' வகை அப்படியே பொருந்தும். அடிப்பக்கத் திருகாணிகள் சிலவற்றைக் கழற்றத் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். மேசைக் கணினியில் இன்னும் எளிது. விதிவிலக்கு ஒன்று உண்டு: விலை குறைந்த மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் 32 அல்லது 64 ஜிபி சேமிப்புச் சில்லு, தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற வழியில்லை. வாங்கும் முன் மாதிரி எண்ணை வைத்து விசாரித்துக்கொள்வது நல்லது.

மாற்றும்போது கடையில் நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவ உரிமத் தொகை வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் கேட்காமலேயே கள்ளப் பிரதியை ஏற்றித் தந்துவிடுவார்கள். இரண்டும் தேவையற்றவை. முறையான உரிமத்தோடு இயங்கிவந்த விண்டோஸ் 10 கணினியின் உரிமம், அதன் தாய்ப்பலகையோடு இணைத்துப் பதிவாகியிருக்கும். வட்டை மாற்றி, அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நிறுவி, இணையத்தோடு இணைத்தால், அது தானே உரிமத்தை அடையாளம் கண்டுகொள்ளும். கள்ளப் பிரதிகளோடு சேர்ந்து வருவது என்ன என்பது வெளியே தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது. வன்தட்டு நெடுங்காலம் நூறு விழுக்காட்டில் நிற்பதற்கு அது சாகும் தறுவாயில் இருப்பதும் ஒரு காரணமாகலாம். உள்ளிருந்து 'டிக் டிக்' என ஒலி வந்தாலோ, கோப்புகளைத் திறக்கும்போது அடிக்கடி பிழைச் செய்தி வந்தாலோ, வேகத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு, குடும்பப் புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் அன்றைக்கே வேறோர் இடத்துக்குப் படியெடுத்துவிட வேண்டும். செத்த வட்டிலிருந்து தகவலை மீட்கும் சேவைகள் உண்டு. ஆனால் அவற்றின் கட்டணம் சில வேளைகளில் கணினியின் விலையையே மிஞ்சும், வெற்றிக்கும் உறுதியில்லை.

அடுத்தது நினைவகம், பேச்சுவழக்கில் 'ராம்'. நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை. உடனடித் தேவை இல்லாதவற்றை வட்டுக்கு அனுப்பி இடம் செய்துகொள்ளும், வேண்டும்போது மீட்டுக்கொள்ளும். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் நடைமுறைக்கு வந்த உத்தி இது. அளவோடு இருக்கும்வரை அருமையானது. அளவு மீறினால், கணினி தன் நேரம் முழுவதையும் இறக்கி ஏற்றுவதிலேயே செலவிட்டு, உண்மையான வேலையைச் செய்யாது. சிறிய சமையலறை மேடையில் இலையை எடுத்துவிட்டுப் பாத்திரம் வைப்பதும், பாத்திரத்தை எடுத்துவிட்டு இலையை வைப்பதுமாகப் பொழுது போய், சோறு வேகாத நிலை. அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இலேயே இந்நிலையை ஆராய்ந்து எழுதினார். தேவைப்படும் அளவு நினைவகம் இல்லாத இடத்தில் எந்தத் தந்திரமும் நெடுநேரம் எடுபடாது என்பதே அவர் ஆய்வின் சாரம். வட்டும் சுழல் வகையாக இருந்துவிட்டால் இரண்டு நோயும் ஒன்றை ஒன்று வளர்க்கும்.

இன்றைய இணையப் பயன்பாட்டுக்கு 4 ஜிபி என்பது நெருக்கடி. 8 ஜிபி இருந்தால் மூச்சு விடலாம். பல பழைய கணினிகளில் இரண்டாம் நினைவகப் பட்டைக்கான இடம் காலியாகவே இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 என வகைகள் உண்டு. ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று பொருந்தாது. விலை உயர்ந்திருக்கும் இவ்வேளையில், நம்பகமான கடையில் சோதித்துத் தரும் பழைய பட்டையும் மோசமான தெரிவல்ல. ஆனால் வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால், வீட்டுப் பதிப்புகளில் அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. முதலில் 64 பிட் பதிப்பை நிறுவிவிட்டுத்தான் நினைவகத்தைக் கூட்ட வேண்டும்.

செலவே இல்லாத வழியும் இதற்கு உண்டு. உலாவியில் திறந்துவைத்த பக்கம் ஒவ்வொன்றும், சேர்த்துவைத்த ஒவ்வொரு நீட்சியும் நினைவகத்தில் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. எப்போதோ தள்ளுபடிக் கூப்பனுக்காகவும் காணொளி இறக்கவும் சேர்த்த நீட்சிகளை நீக்குவதே, பல வீடுகளில் கண்கூடான மாற்றத்தைத் தருகிறது. நாற்பது பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு 'பிறகு படிக்கலாம்' என்று இருப்பவர்கள், அவற்றைப் புத்தகக்குறியாகச் சேமித்துவிட்டு மூடலாம்.

கணினி தொடங்கும்போதே தானாக விழித்துக்கொள்ளும் மென்பொருள்களையும் அதே டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் காணலாம். அச்சுப்பொறி உதவியாளர், அரட்டைச் செயலி, விளையாட்டுத் தளம், இசைச் செயலி என நாம் அழைக்காமலேயே வந்து அமர்ந்திருக்கும் விருந்தினர் கூட்டம் அது. தேவையற்றதன்மேல் வலச் சொடுக்குச் செய்து 'டிஸ்ஏபிள்' கொடுத்தால் போதும். மென்பொருள் அழிவதில்லை, அழைக்கும்போது மட்டும் வரும். வைரஸ் தடுப்பு, தொடுபலகை, ஒலி தொடர்பானவற்றை மட்டும் தொடாமல் விட்டுவிடலாம்.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று. விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுமையாக ஓய்வதில்லை. அடுத்த முறை விரைவாக எழுவதற்காக, இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. எனவே நாள்தோறும் அணைத்து ஏற்றினாலும், வாரக்கணக்கில் சேர்ந்த சிக்கல்கள் அப்படியே தொடரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். காரணம் தெரியாமல் மந்தமான கணினிக்கு இதுவே முதல் வைத்தியம்.

மூன்றாவது சூடு. செயலி ஏறக்குறைய நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும் அறையில், காற்று வாங்கும் துளைகளில் நான்கு ஆண்டுத் தூசு அடைத்திருக்க, மெத்தையின்மேல் வைத்து இயக்கப்படும் மடிக்கணினி வேறென்ன செய்யும்? மெத்தையும் தலையணையும் அடிப்பக்கத் துளைகளை மூடிவிடுகின்றன. ஒரு மரப்பலகையோ தடித்த அட்டைப் புத்தகமோ அடியில் வைத்தாலே வேறுபாடு தெரியும். தூசைத் தூரிகையாலும் காற்றூதியாலும் நீக்கி, செயலிக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்துக்கும் இடையே காய்ந்துபோன பசையை மாற்றித் தருவது பழுது பார்ப்பவருக்குச் சிறு வேலை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும், வேகம் எப்படி இருந்தாலும், அதைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும், அது தீப்பற்றக்கூடியது.

செய்யக் கூடாதவை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் கணினியின் மந்தத்தை வைத்து ஒரு சந்தையே நடக்கிறது. 'உங்கள் கணினியில் 1,482 பிழைகள் உள்ளன' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் இலவசச் 'சுத்திகரிப்பு' மென்பொருள்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணிக்கை பெரிதாக இருப்பதே அவற்றின் வணிகம். அமெரிக்காவில் இது மென்பொருளோடு நிற்கவில்லை. ஆபிஸ் டிப்போ என்னும் பெரிய கடைத் தொடரில், வாடிக்கையாளர் கொண்டுவரும் கணினிக்கு இலவச உடல்நலச் சோதனை நடத்தப்பட்டது. தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா என்பன போன்றவை. அவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்தாலே, கணினியில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீநிரல் அறிகுறி இருப்பதாக முடிவு வரும்படி அம்மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதன்பேரில் பழுதுநீக்கச் சேவைகள் விற்கப்பட்டன. 2019-இல் அந்நிறுவனமும், மென்பொருளை அளித்த சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் சேர்ந்து மூன்றரைக் கோடி டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. 'மெதுவாக இருக்கிறது' என்ற ஒரு சொல்லே நோயாளியாக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது.

விண்டோஸின் 'ரெஜிஸ்ட்ரி' பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் 'டிஃப்ராக்' பழக்கம் சுழலும் வட்டுக்கு உரியது. எஸ்எஸ்டிக்கு அது தேவையில்லை. வட்டின் வகையை அறிந்து, உரிய பராமரிப்பை விண்டோஸ் தானே கால ஒழுங்கில் செய்துகொள்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டை ஒரே கணினியில் வைத்திருப்பது, ஒரு வாசலில் இரு காவலர்கள் ஒருவரை ஒருவர் சோதனையிடுவதற்கு ஒப்பானது. விண்டோஸோடு வரும் 'டிஃபெண்டர்' ஒன்றே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். 'உங்கள் கணினியில் வைரஸ் இருப்பதைக் கண்டறிந்துள்ளோம்' என்று தொலைபேசியில் அழைப்பவரிடம் பேச்சே வேண்டாம். எந்த நிறுவனமும் அப்படி அழைப்பதில்லை.

இவையெல்லாம் செய்த பிறகும் விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்துபோன சிக்கல் மிஞ்சுகிறது. விரைவான, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத கணினியில் வங்கி வேலை பார்ப்பது சரியல்ல. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது தற்காலிக அவகாசமே. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத கணினிக்கு நிலையான வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை கட்டணமற்றவை. பழைய கணினியிலும் சுமையின்றி இயங்குபவை. பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலேயே இயக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இணையம், மின்னஞ்சல், காணொளி வகுப்பு, தமிழ்த் தட்டச்சு, எழுத்தாவணம் ஆகியவற்றுக்குக் குறையேதும் இல்லை. டாலி போன்ற கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவருக்கும், விண்டோஸில் மட்டுமே இயங்கும் கருவி தேவைப்படும் மாணவருக்கும் இது ஏற்றதன்று. அவர்கள் புதிய கணினியைப் பற்றி யோசிப்பதே நியாயம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனியான பொருத்தம் ஒன்றும் உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற லட்சக்கணக்கான கணினிகளில் பல, இன்றும் பரண்களில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் இருந்தன. விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. அந்த லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டவர்களே மிகுதி என்று நினைக்கிறேன். அந்தக் கணினிகளை இன்றைய பொறியியல் மாணவர் பயன்படுத்த இயலாது. ஆனால் ஒரு எஸ்எஸ்டி, கூடுதல் நினைவகப் பட்டை, எடை குறைந்த ஒரு லினக்ஸ் ஆகியவற்றோடு, எட்டாம் வகுப்புப் பிள்ளை தட்டச்சு பழகவும் நிரல் எழுதிப் பார்க்கவும் அது ஏற்ற கருவி. கைப்பேசித் திரையில் கற்க இயலாதவை இவை. தாய்ப்பலகையே பழுதாகி, எதற்கும் உதவாது என்று ஆகிவிட்டால், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. எடைக்குப் போட்டால், கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் புகையில் போய் முடியக்கூடும்.

கழற்றியெடுத்த பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால் அதையும் வீசிவிட வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் பொருத்தினால், அது வெளிப்புறச் சேமிப்பாகிவிடும். பல மாதங்கள் மின்சாரமின்றி வைத்திருக்கும் நகல்களுக்கு, எஸ்எஸ்டியைவிடச் சுழலும் வட்டே நம்பகமானது. இயங்குதளத்துக்குப் போதாத அதன் வேகம், மாதம் ஒருமுறை புகைப்படங்களைப் படியெடுக்கத் தாராளமாகப் போதும். விற்பதாகவோ பிறருக்குக் கொடுப்பதாகவோ இருந்தால், கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. 'குயிக் ஃபார்மேட்' என்ற தெரிவை விலக்கிவிட்டு முழு ஃபார்மேட் செய்ய வேண்டும். 500 ஜிபி வட்டுக்கு அது சில மணி நேரம் எடுக்கும். இரவில் தொடங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.